ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசலை

சேலம் சூரமங்கலத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை என்றால், அந்தத் தெருவில் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. அம்மாயி வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்ளச் சொல்வார். "இவங்கப்பனே மூணு வயசுலதானுங்க வாயைத் தொறந்தான்" என்று அப்பாயி தைரியம் கொடுப்பார். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா பார் என்பார் ஒருவர். செல்லைப் பிடுங்கி எறி என்பார் இன்னொருவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் என்றால் பிள்ளை குழம்பத்தானே செய்யும் என்பார் வேறொருவர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடிய கதையும் கட்டாயம் வந்து சேரும்.

இவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சிலவற்றால் நன்மையும் இல்லை கெடுதலும் இல்லை. ஒன்றிரண்டு மட்டும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மிக முக்கியமான மாதங்களைத் தின்றுவிடக்கூடியவை. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லக் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகள் உதவுகின்றன. தமிழ்க் குழந்தைகளை வைத்தே செய்த ஆய்வுகளும் அவற்றில் உண்டு.

பேச்சு வாயில் தொடங்குவதில்லை என்பதுதான் இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உட்செவியின் நத்தைச் சுருள் கருவின் ஆறாம் மாத வாக்கிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980இல் ஆண்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களுக்கு ரப்பர் காம்பு கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் அந்நியப் பெண்ணின் குரல் கேட்கும். தாயின் குரல் வரும்படி சிசுக்கள் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அது.

பிறந்த ஓராண்டுக்குள் நடப்பது இன்னும் விந்தையானது. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. அந்த ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் புழங்காத ஒலிகளுக்குக் காது கதவை அடைக்கிறது, புழங்கும் ஒலிகளுக்குக் கூர்மையாகிறது. சூரமங்கலத்துக் குழந்தைக்கு 'த'வும் 'ட'வும், 'ன'வும் 'ண'வும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே காதில் தனித்தனியாகக் குடியேறிவிடுகின்றன. நாக்கு அந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் சில வருடம் ஆகும். மூன்று வயதுப் பிள்ளை 'பழ'த்தைப் 'பயம்' என்று கேட்டால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. 'ழ' பெரியவர்களுக்கே தகராறு தரும் எழுத்து.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஒலியைப் பற்றி அல்ல, அசைவைப் பற்றிக் கணக்கு வைத்திருந்தார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பிரித்த பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் மாதமும் சொல்கின்றன. நூலுக்கு நூல் சற்று முன்பின்னாக இருந்தாலும், கை தட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், நிலாவைக் காட்டி அழைக்கும் அம்புலி ஒரு வயது கடந்தும் வருகின்றன. இன்றைய குழந்தை மருத்துவர் கவலைப்படும் தாயிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: கை தட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா, நீங்கள் கை நீட்டும் பக்கம் பார்க்கிறதா, தானாக விரல் நீட்டிக் காட்டுகிறதா? நிலாவைச் சுட்டும்போது குழந்தை உங்கள் விரலைப் பார்க்காமல் நிலாவைப் பார்த்து, பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதே, அந்த நொடியில் ஒரு பொருள், இரண்டு மனம், ஒரு பெயர் மூன்றும் சந்திக்கின்றன. சொல் கற்பதற்கு இதைவிட அடிப்படையான பாடம் இல்லை என்பது மைக்கேல் டொமசெல்லோ போன்றவர்களின் நீண்டநாள் வாதம். ஒன்றரை வயதில் சொல் வரவில்லை, ஆனால் சுட்டுகிறது, கேட்டதை எடுத்து வருகிறது என்றால் மருத்துவரின் கவலை பாதியாகக் குறையும். இரண்டும் இல்லை என்றால் சொற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

தமிழ்க் குழந்தையின் பேச்சை முறையாகப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மொழியியலாளராக வந்தவர் அல்ல, கணினி அறிஞர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் கணினியை 1950களில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன்தான் அவர். எந்திரம் மொழி கற்குமா என்ற கேள்வி அவரைக் குழந்தை எப்படிக் கற்கிறது என்ற கேள்விக்கு இழுத்துவந்தது. ஒரு தமிழ்க் குழந்தையும் பெற்றோரும் பேசிக்கொண்டதை, குழந்தையின் ஒன்பதாம் மாதம் தொடங்கி மூன்று வயதை நெருங்கும்வரை பதிவுசெய்து ஆர். வைத்தியநாதனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் குழந்தை மொழி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சைல்ட்ஸ் என்ற பொதுத் தரவகத்தில் அந்தத் தமிழ் உரையாடல்கள் இருக்கின்றன. குழந்தையின் கேள்விகளைப் பற்றி 1988இலும், மறுப்புச் சொற்களைப் பற்றி 1991இலும் வைத்தியநாதன் ஆய்விதழில் எழுதினார்.

மறுப்பை ஆராய எடுத்துக்கொண்டதில் காரணம் இருக்கிறது. ஆங்கிலக் குழந்தை 'நோ' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருக்கும் வயதில், தமிழ்க் குழந்தைக்கு முன்னால் 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்', 'முடியாது', 'கூடாது' என்று வெவ்வேறு கதவுகள் இருக்கின்றன. பிஸ்கட் டப்பா காலி என்பதற்கும், சாப்பாடு பிடிக்கவில்லை என்பதற்கும், மாத்திரையை விழுங்கச் சம்மதமில்லை என்பதற்கும் வேறு வேறு சொல் வேண்டும். வினைச்சொல்லின் விகுதிகளும் அப்படியே. வந்தான், வந்தாள், வந்துச்சு, வந்தாங்க என்று காலத்தோடு ஆள், பால், எண், மரியாதை எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் மொழியைப் பச்சைக் குழந்தை எப்படிச் சமாளிக்கும் என்று தோன்றும். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகள் இந்த விகுதிகளைக் குறைந்த பிழைகளோடு பயன்படுத்துவதைக் காட்டியது. ஒட்டுநிலை மொழியான துருக்கியிலும் இதே முடிவு முன்பே கிடைத்திருந்தது. ஒவ்வொரு விகுதிக்கும் தெளிவான ஓசையும் தெளிவான வேலையும் இருந்தால், எண்ணிக்கை குழந்தைக்குச் சுமையாவதில்லை. இந்த ஊர்ப் பிள்ளை 'வா', 'போ', 'தா', 'குடு' என்று வினையடியை அப்படியே ஏவலாக எடுத்து முதல் வருடத்திலிருந்தே வீட்டை அதிகாரம் பண்ணுவதற்கும் மொழியின் அமைப்பு இடம் கொடுக்கிறது.

இனி அப்பாயியின் வாதத்துக்கு வரலாம். "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்."

சராசரிக் கணக்கு இது: ஒரு வயதை ஒட்டி முதல் சொல், ஒன்றரை வயதிலிருந்து வேகம், இரண்டு வயதில் 'அப்பா வண்டி', 'இன்னும் தா' என்பது போல இரண்டு சொல் சேர்க்கை. ஆனால் சராசரி என்பது நடுப்புள்ளி மட்டுமே, இரு பக்கமும் விரிவு அதிகம். லெஸ்லி ரெஸ்கோர்லா 1989இல் தந்த அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. இரண்டு வயதில் 50 சொல்லுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு சொல் சேர்க்காவிட்டாலோ அந்தக் குழந்தை தாமதமாகப் பேசும் குழந்தை. இந்தக் கணக்கில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலான குழந்தைகள் அகப்படுகின்றன, அவற்றில் ஆண்பிள்ளைகள் அதிகம். பெரும்பான்மை பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகின்றன. ஆக, அப்பாயி சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அவர் ஆறுதலாகச் சொன்ன அதே செய்தியை, பேச்சுத் தெரபிஸ்ட் வேறு கண்ணோடு தன் நோட்டில் குறித்துக்கொள்வார். குடும்பத்தில் யாருக்காவது பேச்சுத் தாமதமோ படிப்புச் சிரமமோ இருந்தது என்பது, இந்தக் குழந்தையின் தாமதம் நீடிக்க வாய்ப்பு உண்டு என்பதற்கான அறிகுறிகளில் ஒன்று.

எவ்வளவு பொறுப்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் வளர்ச்சிப் படிகளைத் திருத்தி எழுதியபோது, நான்கில் மூன்று குழந்தைகளாவது எட்டும் வயதையே படியாக வைத்தது. பேச்சுப் பயிற்சியாளர்கள் காலங்காலமாக இரண்டு வயதுக்குச் சொல்லிவந்த 50 சொல், அதில் இரண்டரை வயதுக்குப் போனது. பெற்றோரை வீணாகப் பயமுறுத்தக் கூடாது என்றது ஒரு தரப்பு. உதவி தேவைப்படும் குழந்தைகள் ஆறு மாதத்தை இழக்கும் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஒன்று இருக்கிறது, நம்மூர் வைத்தியப் பட்டியலில் அது கடைசியில்தான் வரும் அல்லது வரவே வராது. குழந்தைக்குக் காது கேட்கிறதா?

"கேட்காம என்னங்க, தட்டு விழுந்தா திரும்பிப் பாக்குதே" என்பது எல்லா வீட்டிலும் கிடைக்கும் பதில். எவர்சில்வர் தட்டு விழும் ஓசையில் எல்லா அலைவரிசையும் கலந்திருக்கும், தரை அதிரும், பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். இவற்றில் எதைக் கண்டு குழந்தை திரும்பியது என்று சொல்ல முடியாது. பேச்சில் 'ச', 'த' போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. அவற்றுக்கு அப்பாவின் பைக் சத்தம் தெரியும், அம்மா சொன்ன சொல் தெரியாது. இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது: பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' கொட்டும், கூவும், சிரிக்கும். 'பாபாபா', 'தாதாதா' என்று அசை அசையாகக் கோக்க வேண்டிய ஏழு, எட்டாம் மாதத்தில்தான் அது பின்தங்குவது தெரியும். அந்த மாதத்தில் வீட்டில் எல்லோருடைய கவனமும் தவழ்வதில் இருக்கும்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களைவிட நெருக்கமானது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். இந்தியாவிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று இது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவு விட்டுப்போகக் கூடாது என்ற வழக்கம் சேலம், நாமக்கல் பக்கம் பல சமூகங்களிலும் வேரோடியது. பிறவிச் செவிக்குறைபாட்டின் மரபணுக் காரணங்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை. சொந்தத்தில் மணந்தால் இருவரும் அதே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது சொந்தத்தில் கட்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நேரும் விஷயம் அல்ல. பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகவே பிறக்கின்றன. ஆனால் பிறந்த குழந்தையின் காதைப் பரிசோதிக்காமல் விடக் கூடாத வீடு எது என்றால், இதுதான்.

செவிக்குறைபாட்டுக்குக் கர்ப்ப காலத்து ரூபெல்லா இன்னொரு காரணம். அதைத் தடுக்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். குளிப்பாட்டியபின் காதில் ஊதுவதோ எண்ணெய் விடுவதோ இதற்கு உதவாது.

பரிசோதனை எளிது. தூங்கும் சிசுவின் காதில் மெல்லிய செருகியை வைத்துச் சில நிமிடத்தில் முடியும் ஓ.ஏ.இ. பரிசோதனை ஒன்று. அதில் சந்தேகம் வந்தால் மூளைத் தண்டு வரை ஒலி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் 'பெரா டெஸ்ட்' அடுத்தது. உலகளவில் பின்பற்றும் விதி ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ. இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பின்னால் கொலராடோ ஆய்வு இருக்கிறது. கிறிஸ்டின் யோஷினாகா–இட்டானோ குழுவினர் 1998இல், செவிக்குறைபாடுள்ள 150 குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டவை மொழியில் தெளிவாக முன்னால் நின்றன. குறைபாடு எவ்வளவு என்பதைவிட எப்போது தெரியவந்தது என்பது பெரிதாக இருந்தது.

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளைப் பள்ளி வயதுக்குக் காத்திராமல் தாய் மடியிலேயே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பிவந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 2013இல் தேசிய அளவில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பரிசோதிக்க வேண்டிய 30 குறைபாடுகளில் செவித்திறன் குறைவும் மொழித் தாமதமும் உண்டு. பரிசோதனையில் அகப்படும் குழந்தைகளை அனுப்புவதற்கென்றே மாவட்ட அளவில் இளம்வயது இடையீட்டு மையங்கள் அமைந்தன. காக்ளியர் பொருத்தினால் அன்றைக்கே பேச்சு வந்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. கருவி ஒலியைத்தான் கொடுக்கும். அதைச் சொல்லாக்கும் வேலை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பயிற்சியாளரிடமும் வீட்டிலும் நடக்க வேண்டும். கருவி வேண்டாம், அல்லது பொருந்தாது என்றால் சைகை மொழி முழுமையான மொழி. காது கேளாத பெற்றோரின் சைகையைப் பார்த்து வளரும் சிசுக்கள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று 1991இல் லாரா பெட்டிட்டோ, பவுலா மாரன்டெட் இருவரும் காட்டினார்கள். மொழி கிடைக்காமல் கழியும் மாதங்கள்தான் ஆபத்து. அது எந்த வழியாகக் கிடைக்கிறது என்பது அடுத்த பேச்சு.

காது நன்றாக இருந்தாலும் காதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய ஊர் இது. சேலத்தின் கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளையிலிருந்து நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை பவர்லூம் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஓடுகிறது. தறி ஓடும் இடத்தில் ஓசை 90 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் சட்டம் அனுமதிப்பது 55. தறிச் சத்தத்தில் பெரியவர்கள் சொல் விட்டுப்போனாலும் வாயசைவையும் பழக்கத்தையும் வைத்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்லே தெரியாத குழந்தைக்கு நிரப்ப எதுவும் இல்லை. பின்னணியில் பேச்சிரைச்சல் கூடினால் இரண்டு வயதுக் குழந்தைகள் புதுச் சொல் கற்பது தடுமாறுவதை 2016இல் மக்மில்லன், சாஃப்ரான் ஆய்வு காட்டியது. சேலம் ரயில்வே ஜங்ஷனை மடியில் வைத்திருக்கும் சூரமங்கலத்துக்கு இன்னொரு ஆய்வு பொருத்தம். நியூயார்க்கில் உயர்த்திய ரயில் பாதைக்கு அருகில் இருந்த ஒரு பள்ளியில், பாதைப் பக்க வகுப்பறைப் பிள்ளைகள் மறுபக்கத்தாரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் வெளிப்படுத்தினார். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மழலைகளுக்கு அதே அளவு பாதிப்பு என்று நேரடியாக எடுத்துவிட முடியாது. தறி நிற்கும் நேரத்தில், கரண்ட் போன நேரத்தில் குழந்தையிடம் பேச்சுக் கொடுப்பது வீண் போகாது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

பேச்சுக் கொடுப்பது யார்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர்வெல் போடுகின்றன. வண்டியோடு போன அப்பா திரும்ப மாதங்கள் ஆகும். நாமக்கல் லாரிகளும் அப்படித்தான். பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அம்மாவின் கை ஓயாது, ஆனால் வாய் ஓய்வாக இருக்கும். பேச்சின் அளவு முக்கியம் என்ற வாதத்தைப் பெரிதாக்கியது 1995இல் வந்த ஹார்ட், ரிஸ்லி நூல். கான்சாஸில் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து, ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று அது கணக்குப் போட்டது. 2019இல் ஸ்பெரி, ஸ்பெரி, மில்லர் மூவரும் இந்தக் கணக்கைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள்: அம்மா நேரடியாகப் பேசியதை மட்டும் எண்ணாமல், சுற்றியிருந்தவர்கள் பேசியதையும் சேர்த்தால் இடைவெளி சுருங்குகிறது. அத்தை, சித்தப்பா, அண்டை வீடு, திண்ணை என்று எல்லாப் பக்கமும் பேச்சு நிரம்பிய கூட்டுக் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த மறுப்பு உடனே விளங்கும். இப்போதைய ஆய்வுகள் சொற்களின் மொத்தத்தைவிட மாற்றி மாற்றிப் பேசும் முறைகளை எண்ணுகின்றன. குழந்தை 'ஆ' என்றால் யாராவது "ஆமாடா கண்ணு, காக்கா!" என்று பதில் கொடுக்கிறார்களா என்பது கேள்வி.

செல்போன் விவாதமும் இங்கேதான் வருகிறது. 2003இல் பட்ரிஷியா குல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தார். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசியபோது அவை சீன ஒலிகளைக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு திரையில் வந்தபோது கற்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம். ரிக் வண்டியில் இருக்கும் அப்பாவுக்கு அந்த விதிவிலக்கு போதும். திரை பிள்ளையிடம் எதைப் பிடுங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்: பதில் பேசும் ஒரு ஆளின் நேரத்தை. ஆனால் சமூக ஊடகத்தில் பரவியிருக்கும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயரில் மருத்துவ வகைப்பாட்டில் நோய் எதுவும் இல்லை. செல்லைப் பறித்ததும் சரியாகிவிடும் என்று நம்பி, உண்மையில் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெற்றோரும், குற்ற உணர்ச்சியில் நொந்துபோகும் தாயும் இந்தச் சொல்லுக்குப் பலியாகிறார்கள்.

இரண்டு மொழிக் குழப்பம் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அது அப்படி ஒரு குழப்பமே இல்லை. சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் மலையாளம் கேட்பது வரலாறு. 2007இல் சேலம் கோட்டம் பிறக்கும்வரை இந்த ஜங்ஷன் பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தது. ஊரில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒருமொழிக் குழந்தைக்குச் சமம் என்று 1993இல் பார்பரா பியர்சன் குழு காட்டிவிட்டது. தெரபிக்கு வரும் பெற்றோரிடம் "வீட்டுல ஒரே மொழி பேசுங்க, இங்கிலீஷே பேசுங்க" என்று சொல்வதில்தான் கெடுதல். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா குறைவாகத்தான் பேசுவாள்.

நாக்கு ஒட்டு சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தரும். பேச்சு தொடங்குவதை அது தடுப்பதில்லை. வசம்பைப் பொறுத்தவரை, அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968இலேயே உணவில் அதைத் தடை செய்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் கூடாது. மணி கட்டுவதால் பாதகம் ஒன்றுமில்லை, கட்டிவிட்டுக் காதுப் பரிசோதனைக்கும் போனால்.

போகும் இடத்தில்தான் சிக்கல். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறது. இரண்டரை வயதில் நேராகத் தனியார் ப்ளே ஸ்கூலுக்குப் போகும் சூரமங்கலத்துப் பிள்ளை அந்தக் குழுவின் கண்ணில் படுவதில்லை. தமிழில் கேட்டு அளக்க, திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய மூன்று வயதுவரைக்கான மொழி அளவுகோலையும், வெளிநாட்டு அளவுகோல்களின் மொழிபெயர்ப்புகளையும் பயன்படுத்துகிறார்கள். 'சோச்சி', 'இங்கா', 'தாச்சி' போன்ற மழலையெல்லாம் சொற்கணக்கில் சேருமா என்று முடிவெடுப்பது பரிசோதிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்திருக்கிறது. சேரத்தான் வேண்டும். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைக் குழந்தை திரும்பத் திரும்பச் சொன்னால் அது சொல். கொல்லிமலையிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ வாரம் ஒருமுறை தெரபிக்குப் பஸ் ஏறி வரும் தாய்க்கு அன்றைய கூலி போகிறது. சில வாரத்தில் வரவு நின்றுவிடுவதற்கு அக்கறைக் குறைவு காரணமில்லை.

ஏறக்குறைய எல்லாக் குழந்தையும், அங்கன்வாடியோ ப்ளே ஸ்கூலோ, வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கும், 16 மாதம் கழிந்து அதன் இரண்டாம் தவணைக்கும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கிளினிக்குக்கோ வருகிறாள். முதல் வரவில், முதுகுப் பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா, 'பாபா', 'தாதா' கோக்கிறதா என்று இரண்டு கேள்வி. இரண்டாம் வரவில், விரல் நீட்டிக் காட்டுகிறதா, சைகை இல்லாமல் சொன்னதைப் புரிந்து செய்கிறதா, எத்தனை சொல் என்று மூன்று கேள்வி. ஒன்றுக்காவது 'இல்லை' என்று பதில் வந்தால் அன்றைக்கே 'பெரா'வுக்குச் சீட்டு. புதுத் திட்டமோ புது ஆளோ இதற்குத் தேவையில்லை. தடுப்பூசி அட்டையில் ஐந்து கட்டம் கூடுதலாக அச்சடித்தால் போதும்.